கெட்டிலில் 1500 வாட்னு போட்டிருக்கு, பிளக்கில் 184 வோல்ட்: கரண்ட் எவ்வளவு வரணும்?

சிரியத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். வீடு மியான்மரில் யாங்கோன் பக்கம் தன்லின் (பழைய பேர் சிரியம்) ஊர்க்கடைசியில். மீட்டர் ரோட்டோரக் கம்பத்தில் இருக்கு. அங்கிருந்து வீட்டு மெயின் சுவிட்ச் வரைக்கும் சுமார் 60 மீட்டர், 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர். மெயின் சுவிட்சிலிருந்து அடுப்படி பிளக் 12 மீட்டர், அது 1.5 சதுர மி.மீ.

சாயங்காலம் ஏழு மணிக்கு எடுத்த அளவுகள்:

கெட்டில் போடாதப்ப அடுப்படி பிளக்கில் 200 வோல்ட்.
கெட்டில் போட்டதும் 184 வோல்ட்.
கிளாம்ப் மீட்டரில் (ஒயரை வெட்டாம, சுத்திப் பிடிச்சே கரண்ட் பார்க்கிற மீட்டர்) 5.2 ஆம்பியர்.
கெட்டிலின் அடியில் எழுதியிருப்பது 230 வோல்ட், 1500 வாட்.

வாட் = வோல்ட் × ஆம்பியர். அப்படின்னா 1500 ÷ 184 = 8.15 ஆம்பியர் வரணும். வோல்ட் குறைஞ்சா கரண்ட் கூடும்னுதான் கடையிலயும் சொல்றாங்க. ஆனா கிளாம்ப் 5.2 காட்டுது. மீட்டர் தப்பா, கணக்கு தப்பா?

இன்னும் ரெண்டு பொருள் அளந்தேன், ரெண்டும் கணக்குக்கு வரலை. 100 வாட் குண்டு பல்பைக் கழற்றி ஓம்ஸ் பார்த்தா 40. சூத்திரப்படி 230 × 230 ÷ 100 = 529 வரணும். அரை குதிரைச் சக்தி தண்ணி மோட்டாரில் ரன்னிங் காயில் 12 ஓம். 230 ÷ 12 = 19 ஆம்பியர் ஆகணும், ஓடுறப்ப 3.4தான் (ராத்திரி 225 வோல்ட் இருக்கும்போது). அதே மோட்டார் 190 வோல்ட்டில் 3.9 எடுக்குது. கெட்டில் குறையுது, மோட்டார் கூடுது. ஸ்டெபிலைசர் 2000 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) வாங்கலாம்னு இருக்கேன், அதுக்கு முன்னாடி இதைப் புரிஞ்சுக்கணும்.

---

கம்பிவேலை_பெகு:

தம்பி, உங்க மீட்டர் சரி, சூத்திரமும் சரி. 1500-ஐ எடுத்து 184-ஆல வகுத்ததுதான் சரியில்லை. 1500 வாட்ங்கிறது 230 வோல்ட் கிடைச்சா மட்டும் வர்ற வாட். 184-ல அந்த எண்ணே கிடையாது.

கெட்டிலுக்குள்ள இருக்கிறது நிக்ரோம் (நிக்கல்-குரோமியம் கலவை) சுருள். அது சூடானாலும் அதோட தடை சில சதவீதம்தான் மாறும். ஆகவே மாறாத எண் தடை மட்டும்தான், முதல்ல அதைக் கண்டுபிடிங்க:

தடை = 230 × 230 ÷ 1500 = 35.3 ஓம்.

பிளக்கைப் பிடுங்கிட்டு, கெட்டில் சுவிட்சை ஆன்ல வச்சு, ரெண்டு பின்னுக்கும் நடுவுல ஓம்ஸ் பாருங்க. 35-ஐ ஒட்டி வரணும். இப்ப நீங்க எடுத்த அளவை வச்சு: 184 ÷ 5.2 = 35.4 ஓம். லேபிளும் மீட்டரும் ஒரே பேச்சு பேசுது.

அந்தத் தடையை வச்சு 184 வோல்ட்டுக்குக் கரண்ட்: 184 ÷ 35.4 = 5.2. வாட்: 184 × 5.2 = 957. லேபிள்ல போட்டதில் 64 சதவீதம். 184-ங்கிறது 230-ல 80 சதவீதம், 0.8 × 0.8 = 0.64. வோல்ட் அஞ்சில் ஒரு பங்கு குறைஞ்சா சூடு மூணில் ஒரு பங்குக்கு மேல போயிடுது. ஒன்றரை லிட்டர் தண்ணியை 28 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க 1500 வாட்ல அஞ்சு நிமிஷம், 957-ல ஏறக்குறைய எட்டு நிமிஷம், வெளியே போற சூட்டைச் சேர்க்காம.

"வோல்ட் குறைஞ்சா கரண்ட் கூடும்"னு கடைக்காரர் சொன்னதும் பொய்யில்லை. அது தன் வாட்டை விடாமப் பிடிச்சு வச்சுக்கிற சாமானுக்கு: கம்ப்யூட்டர் பவர் சப்ளை, நல்ல டிரைவர் போட்ட எல்.ஈ.டி., இன்வெர்ட்டர் ஏ.சி., பிறகு நீங்க வாங்கப்போற ஸ்டெபிலைசர். கெட்டில், இஸ்திரிப் பெட்டி, சோத்துக் குக்கர், ஹீட்டர் சுருள் எல்லாம் அந்தக் கூட்டத்தில் சேராது.

எனக்குக் கவலை வேற ஒரு எண்ணில். போடாதப்ப 200, போட்டா 184. பதினாறு வோல்ட் எங்க போச்சு? 16 ÷ 5.2 = 3.08 ஓம். டிரான்ஸ்பார்மரிலிருந்து உங்க பிளக் வரைக்கும் வழியில இருக்கிற மொத்தத் தடை அது. 16 × 5.2 = 83 வாட் வழியிலேயே சூடாகுது.

உங்க ஒயர் கணக்கைப் போடுவோம். 2.5 சதுர மி.மீ. செம்பு கிலோமீட்டருக்கு 7.41 ஓம். போக 60, வர 60, ஆக 120 மீட்டர்: 0.89 ஓம். 1.5 சதுர மி.மீ. கிலோமீட்டருக்கு 12.1 ஓம், போக வர 24 மீட்டர்: 0.29 ஓம். ரெண்டும் சேர்த்து 1.18தான். பாக்கி 1.9 ஓம் ஒண்ணு மீட்டருக்கு அந்தப் பக்கம் லைன்ல இருக்கணும், இல்லை உங்க வீட்டுக்குள்ளே ஏதோ ஒரு இணைப்புல இருக்கணும். லைன்ல இருந்தா நம்ம கையில இல்லை. வீட்டுக்குள்ள இருந்தா அது தீப்பிடிக்கிற விஷயம்.

மூணு இடத்தில அளவு எடுங்க: மீட்டரிலிருந்து உங்க ஒயர் புறப்படுற இடம், மெயின் சுவிட்ச் உள்வரும் முனை, அடுப்படி பிளக். ஒவ்வொரு இடத்திலயும் கெட்டில் ஆஃப், ஆன், ஆஃப், ஆன்னு நாலஞ்சு தடவை. பக்கத்து வீட்டுக்காரர் எதையாவது போட்டா உங்க 200-ம் ஆடும். ஒரே தடவை பார்த்து முடிவு கட்டாதீங்க. மீட்டர் சீலைத் தொடவே வேண்டாம், அதுக்கு இந்தப் பக்கம் உங்க ஒயர் சேருற பெட்டியில எடுத்தாப் போதும்.

---

மோல்மேன்_ரிவைண்டிங்:

பல்புக்கும் மோட்டாருக்கும் நான் சொல்றேன்.

பல்பு: 40 ஓம்ங்கிறது குளிர்ந்த டங்ஸ்டனோட தடை. எரியும்போது இழை 2500 டிகிரியைத் தாண்டும், தடை பதிமூணு மடங்கு ஏறி 529-க்குப் பக்கத்தில வந்து நிக்கும். ஆக ரெண்டு எண்ணும் நிஜம், வேற வேற வெப்பத்தில. சுவிட்சைப் போட்ட அந்தக் கணத்தில் 230 ÷ 40, கிட்டத்தட்ட 6 ஆம்பியர் பாயும். பழைய பல்பு போடும்போதே 'டப்'னு போறது அதனாலதான். மீட்டரின் ஓம்ஸை வச்சு பல்போட வாட்டைக் கணக்குப் போட முடியாது. எரியவிட்டு வோல்ட்டும் ஆம்பியரும் எடுத்துப் பெருக்கணும். 184 வோல்ட்டில் அது 64 வாட்டுக்கு இறங்காது, 70 பக்கம் நிக்கும், ஏன்னா இழை கொஞ்சம் குளிர்ந்ததும் தடையும் இறங்குது. வெளிச்சம் மட்டும் பாதிக்கும் கீழ போயிடும்.

மோட்டார்: 12 ஓம் என்பது செம்புக் காயிலின் நேர்மின் தடை. ஏ.சி.யில ஓடும்போது கரண்ட்டைப் பிடிச்சு நிறுத்துறது அந்த 12 இல்லை; காயிலோட காந்தப்புலமும், ரோட்டார் சுத்துறதால வர்ற எதிர் வோல்ட்டும்தான். அதனால 230 ÷ 12 என்ற கணக்கே இங்க பொருந்தாது. கிளாம்ப் காட்டுற 3.4-ஐ 225-ஆல் பெருக்கினா 765 வரும். அது வி.ஏ., வாட் இல்லை. இந்த அளவு மோட்டாருக்குப் பவர் ஃபேக்டர் (வி.ஏ.வில் நிஜ வாட் ஆகிற பங்கு) 0.75னு வச்சா 574 வாட். லேபிள்ல உள்ள அரை குதிரைச் சக்தி, அதாவது 370 வாட், தண்டு வெளியே தர்ற வேலை. உள்ளே போறது அதைவிட நிறைய.

வோல்ட் குறைஞ்சாலும் பம்ப் தூக்கவேண்டிய தண்ணி குறையலை. ரோட்டார் கொஞ்சம் பின்தங்கி, கூடுதல் கரண்ட் இழுத்து அதே வேலையைச் செய்யப் பார்க்கும். அதுக்கான விலையைக் காயில் கொடுக்குது:

3.4 × 3.4 × 12 = 139 வாட்
3.9 × 3.9 × 12 = 183 வாட்

அரை ஆம்பியர்தான் ஏறிச்சு, காயிலுக்குள்ள சூடு 30 சதவீதத்துக்கு மேல ஏறிடுச்சு. விசிறி காத்தும் கொஞ்சம் குறைவு. ரிவைண்டிங்குக்கு (கருகின காயிலைப் புதுசாச் சுத்த) வர்ற மோட்டார்கள்ல பெரும்பாலானது இப்படி மெதுவா வெந்ததுதான்.

இதைவிட மோசம் ஸ்டார்ட் ஆகிற நேரம். உங்க வழித்தடை 3.08 ஓம். ஸ்டார்ட்டிங்கில் 11 ஆம்பியர் இழுத்தா 34 வோல்ட் வழியிலேயே விழும், 200 வோல்ட் 166 ஆகும். ஸ்டார்ட்டிங் முறுக்கு (தண்டைச் சுத்துற விசை) வோல்ட்டோட வர்க்கத்தில போகும்: 166 ÷ 230 = 0.72, அதோட வர்க்கம் 0.52. பாதி முறுக்குதான் கிடைக்கும். குழாயில தண்ணி நிக்கும்போது சுத்தாம "ம்ம்ம்"னு உறுமிக்கிட்டு நின்னா, 11 × 11 × 12, ஏறக்குறைய 1450 வாட் காயிலுக்குள்ளேயே எரியுது. உறுமல் கேட்டா ரெண்டு மூணு விநாடிக்குள்ள சுவிட்சை அணைங்க. மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காதீங்க. நல்ல வோல்ட்டிலயும் உறுமினா கப்பாசிட்டரைப் பாருங்க.

காயில் எவ்வளவு சூடேறுதுன்னு அதே ஓம்ஸ் அளவு சொல்லும். காலையில குளிர்ந்திருக்கும்போது 30 டிகிரியில 12 ஓம். ஒரு மணி நேரம் ஓடினதும் நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, கப்பாசிட்டரை ஒரு ரெசிஸ்டர் வச்சு டிஸ்சார்ஜ் பண்ணி, உடனே அளங்க. 14.7 காட்டினா காயில் சராசரி 90 டிகிரி. செம்புக்கு டிகிரிக்கு 0.4 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே தடை ஏறும், அந்தக் கணக்குதான். நூறைத் தாண்டுதுன்னா சாயங்காலத்தில் ஓட்டுறதை விட்டுட்டு விடியக்காலை டேங்க்கை நிரப்புங்க.

---

இன்வெர்ட்டர்_யாங்கோன்:

அளக்கிறதில் ரெண்டு விஷயம் சேர்க்கிறேன்.

கிளாம்ப்பை ஒரே ஒயரைச் சுத்தித்தான் போடணும். கெட்டில் ஒயரை முழுசாப் பிடிச்சா போற கரண்ட்டும் வர்ற கரண்ட்டும் ஒண்ணையொண்ணு அழிச்சு பூஜ்யம் காட்டும். ஒரு அடி நீள எக்ஸ்டென்ஷன் செஞ்சு, மேல் உறையைப் பிரிச்சு லைனையும் (கரண்ட் வர்ற கம்பி) நியூட்ரலையும் (கரண்ட் திரும்புற கம்பி) தனித்தனியா விட்டு வச்சுக்கங்க. உள் இன்சுலேஷனில் கத்தி படக்கூடாது. எல்.ஈ.டி. மாதிரி சின்னக் கரண்ட்டுக்கு அதே ஒயரை மீட்டர் வாயில பத்துச் சுத்து சுத்தி, வர்ற எண்ணைப் பத்தால வகுங்க. மல்டிமீட்டரோட 10 ஆம்பியர் துளையை வீட்டு லைனுக்குப் பயன்படுத்தவே வேண்டாம். மறந்துபோய் அதே துளையில வச்சு வோல்ட் பார்த்தா நேரடி ஷார்ட், கையிலேயே வெடிக்கும்.

கரண்ட் போயி இன்வெர்ட்டரில் ஓடும்போது எடுத்த அளவை இந்தக் கணக்கில கலக்காதீங்க. மலிவு இன்வெர்ட்டர் தர்றது சைன் அலை இல்லை, படிப்படியான சதுர அலை. 'ட்ரூ ஆர்.எம்.எஸ்.' (எந்த அலை வடிவமானாலும் நிஜ அளவைக் காட்டுற வசதி) இல்லாத மீட்டர் அதைச் சரியாப் படிக்காது. நிஜமா 230 இருக்கும்போதே 180 காட்டக்கூடும். அதைப் பார்த்துட்டு இன்வெர்ட்டர் செட்டிங்கை ஏத்தினா டி.வி. போயிடும்.

---

சிரியத்தான்:

பெகு அண்ணே சொன்னபடி எடுத்துட்டேன். ஒவ்வொண்ணும் பல தடவை போட்டு அணைச்சுப் பார்த்த சராசரி. கெட்டில் இல்லாதப்ப எல்லா இடத்திலயும் 200. கெட்டில் போட்டதும்:

மீட்டர் முனை 197
மெயின் சுவிட்ச் உள்வரும் முனை 192
அடுப்படி பிளக் 184

மெயின் சுவிட்ச் பழைய பீங்கான் நைஃப் சுவிட்ச் (கத்தி மாதிரித் தகடு பித்தளைத் தாடைக்குள்ள இறங்குறது), பியூஸோட. பிளக்கும் ஒயரும் போன வருஷம் மாத்தினது.

---

கம்பிவேலை_பெகு:

கிடைச்சிருச்சு.

மீட்டருக்கு அந்தப் பக்கம் தெரு லைன்ல 3 வோல்ட், அதாவது 0.58 ஓம். ஊர்க்கடைசி வீட்டுக்கு அது நல்ல லைன்தான். கம்பத்திலிருந்து வீடு வரைக்கும் 5 வோல்ட், 0.96 ஓம், கணக்கு 0.89 சொல்லுது, வெயில்ல கிடக்கிற ஒயருக்கு அது சரி. வீட்டுக்குள்ள 12 மீட்டருக்கு 8 வோல்ட்! 1.5 வோல்ட்தான் விழணும். மீதி 6.5 வோல்ட் ஒரு இணைப்பில நிக்குது: 6.5 × 5.2 = 34 வாட். ஒரு சால்டரிங் அயர்ன் எடுக்கிற வாட்டு அது, ஒரு திருகாணி அளவு இடத்தில.

இதைப் பியூஸ் காட்டிக்கொடுக்காது. பிரேக்கர் போட்டிருந்தாலும் விழாது. கெட்ட இணைப்பு கரண்ட்டைக் கூட்டலையே, குறைக்கத்தான் செய்யுது. 5.2 ஆம்பியருக்கு மெயின் பியூஸ் உருகாது. கருகுற நாத்தம் வர்ற வரைக்கும் வீட்டில யாருக்கும் தெரியாது.

எந்தத் திருகாணின்னு கண்டுபிடிக்க: மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வச்சு, ஒரே கம்பியோட உள்ளே வர்ற முனைக்கும் வெளியே போற முனைக்கும் நடுவில பாருங்க. லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில இல்லை. லைன் உள், லைன் வெளி. கெட்டில் ஓடிக்கிட்டிருக்கணும். நல்ல இணைப்புன்னா 0.05 வோல்ட்டைத் தாண்டாது. அடுத்தது நியூட்ரல் உள், நியூட்ரல் வெளி. பல பேர் லைன் பக்கத்தை மட்டும் பார்த்துட்டு விட்டுடுவாங்க. அதே கரண்ட்தான் நியூட்ரல்லயும் திரும்பி வருது. முறை: மெயினை அணைச்சு, பிளக்கில் கரண்ட் இல்லைன்னு உறுதி பண்ணி, முதலைவாய் கிளிப்பை மாட்டி, கையை எடுத்துட்டு, பிறகு மெயினைப் போட்டுப் படிங்க. அணைச்ச பிறகும் உள்வரும் முனைகள்ல கரண்ட் இருக்கும், அது நினைவில இருக்கட்டும். மழை பெய்து தரை ஈரமா இருந்தா அன்னிக்கு வேண்டாம்.

முனையைத் திருத்தும்போது கம்பத்துப் பக்கம் சப்ளையை நிறுத்தணும். மீட்டருக்குப் பக்கத்தில உங்களுக்குச் சுவிட்ச் இல்லைன்னா லைசென்ஸ் உள்ள ஒயர்மேனைக் கூப்பிடுங்க. வேலை இப்படி நடக்கணும்: கறுத்த செம்பை முழுசா வெட்டி எறிஞ்சிட்டு பளபளன்னு இருக்கிற இடம் வரைக்கும் புதுசா உரிக்கணும். பல இழை ஒயருக்கு ஈயம் வச்சுத் திருகாணியில முடுக்காதீங்க, ஈயம் அழுத்தத்தில நாளாக நாளாக நசுங்கித் திருகாணி தளர்ந்துபோகும். லக் (ஒயர் நுனியில மாட்டுற உலோக முனை) போட்டு நசுக்கி முடுக்கணும். திருகாணி இன்சுலேஷன் மேல ஏறி உட்காரக்கூடாது. பல பேர் வீட்டில தடை வர்றது அதனாலதான். நைஃப் பிடிக்கிற பித்தளைத் தாடை நீலமாவோ பழுப்பாவோ நிறம் மாறியிருந்தா அதோட இழுவிசை போயிடுச்சு. உப்புத்தாள் வச்சுத் தேய்க்கிறதெல்லாம் ஒரு மழைக்காலம் தாங்காது. சுவிட்சையே மாத்திடுங்க.

---

மோல்மேன்_ரிவைண்டிங்:

இதைச் சரிபண்ணாம ஸ்டெபிலைசர் வாங்கினா என்ன ஆகும்னும் கணக்குப் போட்டுடலாம். சிரியத்தார் கேட்ட 8 ஆம்பியர் நிஜமாவே அங்கதான் வரும்.

ஸ்டெபிலைசர் 220 வெளியே தந்தா கெட்டில் 220 ÷ 35.4 = 6.2 ஆம்பியர், 1370 வாட் எடுக்கும். அந்த 1370-ஐ ஸ்டெபிலைசர் உள்ளே இழுக்கணும். உள்ளே 176 வோல்ட்னா 1370 ÷ 176 = 7.8 ஆம்பியர், அதோட சொந்த நஷ்டம் தனி. 7.8 × 3.08 = 24 வோல்ட் வழியில விழும், 200 கழித்தல் 24, அதே 176. எண்கள் அங்க போய் நிக்கும். வழியில வீணாகிற சூடு 83 வாட்டிலிருந்து 187 ஆகும். கெட்ட இணைப்பில் இருந்த 34 வாட், 76 ஆகும். பீங்கான் தாங்கும், பக்கத்தில உள்ள ஒயர் உறை தாங்காது.

கெட்டிலுக்கு ஸ்டெபிலைசரே வேண்டாம் என்பது என் கருத்து. மூணு நிமிஷம் கூட ஆகும், அவ்வளவுதான், பொருள் கெடாது. பிரிட்ஜுக்கும் மோட்டாருக்கும் தான் தேவை. மோட்டாருக்கு எடுக்கும்போது ஓடுற வி.ஏ.வை மூணு நாலால பெருக்கி வாங்குங்க. லேபிள்ல 2000 போட்டிருந்தாலும் உள்ளே 160 வோல்ட் வரும்போது முழுசாத் தராது. கையால திருகி ஏத்துற ஸ்டெப்-அப் வச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு: கரண்ட் போனதும் திருகுமுனையைக் கீழே இறக்கிடுங்க. ராத்திரி திரும்பி வரும்போது 225 இருக்கும், நீங்க 170-க்கு ஏத்தி வச்ச இடத்திலேயே விட்டிருந்தா வெளியே 290 கிட்ட போகும்.

---

சிரியத்தான்:

நியூட்ரல் பக்கம்தான். நியூட்ரல் உள்ளுக்கும் வெளிக்கும் நடுவில 5.8 வோல்ட், லைன் பக்கம் 0.1. ஒயர்மேன் வந்து திறந்தப்ப திருகாணிக்குக் கீழே உறை கரியாகி, செம்பு பச்சை பூத்திருந்தது. சுவிட்சை மாத்தி லக் போட்டாச்சு. இப்ப போடாதப்ப 201, போட்டா 190, கரண்ட் 5.4. அதாவது 1026 வாட்.

கம்பத்திலிருந்து வர்ற ஒயரை 6 சதுர மி.மீ.க்கு மாத்தினா இன்னும் ஏறுமா?

---

கம்பிவேலை_பெகு:

11 ÷ 5.4 = 2.04 ஓம். ஒரு ஓம் குறைஞ்சிருக்கு, சரியா வந்திருக்கு.

6 சதுர மி.மீ. கிலோமீட்டருக்கு 3.08 ஓம், 120 மீட்டருக்கு 0.37. இப்ப இருக்கிற 0.89-ல 0.52 மிச்சம். கெட்டிலுக்கு 3 வோல்ட் கூட வரும், அதுக்காகச் செம்பு விலை கொடுக்கவேண்டாம். மோட்டார் ஸ்டார்ட்டிங்குக்கு 11 × 0.52, ஆறு வோல்ட் கிட்ட கிடைக்கும். மோட்டார் உறுமுதுன்னா யோசிக்கலாம். அலுமினிய ஒயர் மலிவுன்னு எடுத்தா 16 சதுர மி.மீ. கிலோமீட்டருக்கு 1.91 ஓம், தடை குறைவுதான், ஆனா ரெண்டு முனையிலயும் செம்பும் அலுமினியமும் நேரடியா சேரக்கூடாது, இரு உலோக இணைப்பான் போட்டு கிரீஸ் தடவணும். இல்லாட்டி இப்ப மாத்தின அதே கோளாறு கம்பத்து மேலே வரும்.

230-லிருந்து 201-க்கு இறங்கியிருக்கிற 29 வோல்ட் உங்க ஒயர்ல இல்லை. அது ஊர் முழுக்கச் சாயங்காலம் போடுற லோடு. ஒரு வாரம் ராத்திரி ஏழு, பத்து, விடியக்காலை அஞ்சுன்னு மீட்டர் முனையில அளவு எழுதி வச்சு, தெருக்காரங்க சேர்ந்து மின்சார ஆபீஸில கொடுங்க. வீட்டு ஒயரிங் சரியா இருக்குன்னு இந்த 11 வோல்ட் கணக்கையும் கூடவே வைங்க.

---

சிரியத்தான்:

ஒயரை மாத்தலை. மோட்டார் காயில் ஓம்ஸை மட்டும் ஓட்டி நிறுத்திப் பார்த்தேன், சாயங்காலம் 14.9, விடியக்காலை 13.8. இனி டேங்க் நிரப்புறது விடியக்காலைதான்.